மெரெங்கே, பச்சாட்டா, சா-சா-சா, சல்சா: எதில் தொடங்குவது?

லத்தீன் நடனம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் சல்சாவைத்தான் கேட்டு வருகிறார்கள். சல்சாவின் அடிப்படை நடை மொத்தம் ஆறே அடி. அது பத்து நிமிடத்தில் காலுக்கு வந்துவிடும். ஆசிரியர் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டதும்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. தாளச் சுற்றின் முதல் அடியான ‘ஒன்று’ எங்கே விழுகிறது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. இரண்டு மூன்று மாதம் இப்படியே போனால் ‘நமக்குத் தாள ஞானம் இல்லை’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் தொடங்கிய இடம்தான் தவறு. அதனால் இங்கே நான்கு நடனங்களையும் பார்வைக்கு எது கவர்ச்சி என்று பார்க்காமல், எது எந்த அளவுக்குக் காதுக்கு உதவுகிறது என்று பார்ப்போம்.

லத்தீன் என்ற பெயருக்குள் பிரேசிலின் சாம்பா, கொலம்பியாவின் கும்பியா, அர்ஜென்டினா–உருகுவேயின் டாங்கோ எல்லாம் அடங்கும். அவை தனித்தனிக் குடும்பங்கள். வார இறுதி நடன இரவுகளில் ஒரே தளத்தில் மாறி மாறி ஒலிப்பவை முக்கியமாக இந்த நான்குதான். இவற்றில் மெரெங்கேவும் பச்சாட்டாவும் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவை. மற்ற இரண்டின் வேர் கியூபாவில் இருக்கிறது. பால்ரூம் போட்டிகளின் ‘லத்தீன்’ பிரிவு வேறு விஷயம். அங்கே இருக்கும் ஐந்து நடனங்கள் சா-சா-சா, சாம்பா, ரும்பா, பாஸோ டோப்லே, ஜைவ். சல்சா அதில் கிடையாது. ஜைவ் அமெரிக்க ஸ்விங் வழி வந்தது. அங்கே ரும்பா என்று சொல்லப்படுவது கியூபாவின் பறைகளோடு ஆடும் ரும்பாவும் அல்ல, பொலேரோ, சோன் என்ற கியூப இசைகளின் வழி வந்த மெதுவான ஆட்டம். பால்ரூம் பள்ளியில் பணம் கட்டிவிட்டுச் சல்சா இரவுக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

மெரெங்கே: கைக்கான பள்ளி

நான்கிலும் எளிது இதுதான். ஒரு தாள அடிக்கு ஒரு கால், இடது வலது என்று நடந்தால் போதும். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 160 தாள அடி. எந்த அடியில் தொடங்கினாலும் பெரிய தவறாகத் தெரியாது.

19ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் மண்ணில் உருவான இந்த இசையின் கிராமிய வடிவம் வடக்கே சிபாவோ வட்டாரத்தில் வேரூன்றியது. அங்கிருந்து ஜெர்மனிக்குப் புகையிலை போனது, ஜெர்மனியிலிருந்து பொத்தான் அக்கார்டியன் வந்தது. கிட்டாரின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. அதோடு சேர்வன இரண்டு கருவிகள். தம்போரா என்பது மடியில் கிடத்தி, ஒரு பக்கம் குச்சியாலும் மறு பக்கம் உள்ளங்கையாலும் அடிக்கும் இருமுகப் பறை. குவிரா என்பது புடைப்புகள் கொண்ட உலோகக் குழாய், கம்பிச் சீப்பால் சுரண்டி வாசிப்பது. குவிரா இடைவிடாமல் ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டே போகும். தம்போரா நான்கு அடி கொண்ட ஒவ்வொரு அளவின் கடைசியிலும் உருண்டு வந்து அடுத்த ‘ஒன்றில்’ விழும். 1930 முதல் 1961 வரை நாட்டைப் பிடித்து வைத்திருந்த சர்வாதிகாரி த்ருஹியோ இதைத் தேசிய இசையாக்கினார். மேல்தட்டு அரங்குகளில் பெரிய பித்தளை ஊதுகருவிக் குழுக்கள் மெரெங்கே வாசிக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

காலுக்கு வேலை குறைவு என்பதால், ஜோடியை வழிநடத்தும் கையைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு முழுச் சுற்றை எட்டு அடியில் பரப்பி, அடிக்கு 45 பாகை வீதம் நடந்து சுற்றலாம். கை எங்கே உயர வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று பார்க்க நேரம் கிடைக்கும். வழிநடத்துபவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. சுற்றும்போது துணையின் மணிக்கட்டு முறுகும். விரல்களைக் கொக்கிபோல் வளைத்துக் கொடுத்து, கட்டைவிரலைச் சும்மா விட வேண்டும்.

இன்னொரு பிழை இடுப்பில். முழங்கால் இரண்டையும் விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் தள்ளினால் கீழ் முதுகு வலிக்கும். முழங்கால் மடங்கிய நிலையில் காலை வைத்து, எடை ஏற ஏற அதை நிமிர்த்தினால் இடுப்பு தானாக அந்தப் பக்கம் போகும். இந்த ஒரு நுணுக்கம் மற்ற மூன்று நடனத்துக்கும் அப்படியே பயன்படும். ஆனால் மெரெங்கேவை மட்டும் பல மாதம் கற்க வேண்டியதில்லை. மூன்று நான்கு வகுப்பு போதும்.

பச்சாட்டா: பெரும்பாலோருக்கு இதுவே வாசல்

த்ருஹியோ 1961 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே, 1962இல், பாடகர் ஹோசே மனுவேல் கால்டெரோன் பதிவுசெய்த பாட்டுகளைத்தான் பச்சாட்டாவின் முதல் பதிவுகளாகக் கொள்கிறார்கள். பொலேரோ கிட்டாரும் காதல் தோல்வியும் கலந்த அந்த இசையை நகரத்து மேல்தட்டு பல ஆண்டுகள் தீண்டவில்லை. சாராயக் கடைப் பாட்டு என்று ஒதுக்கியது. ரேடியோ குவராச்சித்தா என்ற நிலையம்தான் அதைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. 1990இல் டொமினிக்கன் பாடகர் ஹுவான் லூயிஸ் கெர்ரா ‘பச்சாட்டா ரோசா’ தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் வரவேற்பறைகளுக்குள் அதற்கு இடம் கிடைத்தது. 2016இல் மெரெங்கேவையும் 2019இல் பச்சாட்டாவையும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஐந்தே கருவிகள். முன்னால் பேசும் ரெக்கின்டோ கிட்டார், துணைக்கு செகுண்டா கிட்டார், கீழ்ச்சுருதி தரும் பேஸ், சிறிய இரட்டைப் பறையான பாங்கோ, குவிரா. இந்தச் சிக்கனம்தான் கற்பவருக்கு வரம். பேஸ் பொதுவாக ஒன்றில் நீண்டு ஒலித்து, மூன்றிலும் நான்கிலும் ஒவ்வொன்று சொல்லும். பாங்கோவின் பெரிய முகம் நான்கில் கீழ்க்குரலில் ஒலிக்கும். அதாவது கால் தட்ட வேண்டிய இடத்தையே இசையும் சுட்டிக்காட்டுகிறது.

நடை இதுதான்: பக்கம், சேர், பக்கம், தட்டு. நான்கில் தட்டும் காலில் எடை ஏறவே கூடாது. ஏறிவிட்டால் ஐந்தாவது அடிக்கு வேறு கால் கிளம்பும், எதிரில் இருப்பவர் மேல் மோத வேண்டியதுதான். சோதிக்க எளிய வழி உண்டு. நான்கில் நின்று, தட்டிய காலைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். உடல் சாயாமல் தூக்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது.

வேகம் 120 முதல் 140. நிமிடத்துக்கு 130 என்று வைத்தால் எட்டு எண்ணிக்கைக்கு 3.7 வினாடி கிடைக்கிறது. 180 வேகத்தில் ஓடும் சல்சாவில் அதே எட்டு 2.7 வினாடியில் முடிந்துவிடும். பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ள இந்த ஒரு வினாடிதான் தொடக்கத்தில் வேண்டும்.

கொஞ்சம் பழகியதும், பாட்டுக்குள் மூன்று விதப் போக்கு இருப்பது கேட்கத் தொடங்கும். பாடகர் பாடும்போது பெரும்பாலும் ‘தெரெச்சோ’, அமைதியான நேர்நடை. பல்லவி பொங்கும் இடத்தில் ‘மஹாவ்’, தாளக் கருவிகள் அடிகளை அழுத்திச் சொல்லும். கிட்டார் தனியாகப் பேசும்போது ‘மாம்போ’, பாங்கோக்காரர் விளையாடும் இடம். இந்த மாற்றத்துக்குக் காலை மாற்றத் தெரிந்தவரே தளத்தில் தனித்துத் தெரிவார், சுற்றுகளின் எண்ணிக்கையால் அல்ல.

பச்சாட்டாவுக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. டொமினிக்கன் பாணி என்றால் கால்வேலை, அடிகளுக்கிடையே துள்ளும் தாளம், சிறு அடிகள். ‘சென்சுவல்’ பாணி 2000களில் ஸ்பெயினில் உருவானது, உடல் அலைகளும் தலைச் சுழற்சிகளும் நிறைந்தது. காணொளிகளில் பரவுவது இரண்டாவது. முதல் ஆறு மாதத்துக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மார்பிலிருந்து அலையைத் தொடங்கத் தெரியாதவர் துணையின் கழுத்தைத் தள்ளித்தான் தலைச் சுழற்சி செய்ய வைப்பார். கழுத்துப் பிடிப்பு வருவது இப்படித்தான்.

சா-சா-சா: தடுக்கும் கால்களுக்காகவே எழுதப்பட்டது

இந்த நடனத்தைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் பிறப்பைக் கொஞ்சம் கவனிக்கலாம். 1879இல் மாத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபாய்ல்தேயின் குழு தான்சோன் என்ற கியூப நடன இசையை முதன்முதலில் வாசித்தது. 1930களின் இறுதியில் அதன் கடைசிப் பகுதியில் தாளக் குறுக்கீடுகள் ஏறி தான்சோன்-மாம்போ ஆனது. கேட்க அருமை, ஆட முடியவில்லை. ஒர்கெஸ்தா அமெரிக்கா குழுவின் வயலின் கலைஞர் என்ரிகே ஹொரீன் ஆடுபவர்களின் கால்கள் தடுமாறுவதைக் கவனித்து, அழுத்தம் நேரடியாக அடியில் விழும்படி மெட்டுகளை எழுதினார். 1953இல் இசைத்தட்டாக வந்த ‘லா எங்கன்யதோரா’ அப்படி வந்த பாட்டு. ஆடுபவர்களின் பாதங்கள் தரையில் உரசிய ஒலியிலிருந்து நடனத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

வாசிப்பது சராங்கா வகைக் குழு: புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, பேஸ், டிம்பாலே (குச்சியால் அடிக்கும் இரட்டைப் பறை), காங்கா (கையால் அடிக்கும் உயரமான பறை), குவிரோ. இந்தக் குவிரோ உலோகக் குவிரா அல்ல, பள்ளங்கள் வெட்டிய சுரைக்குடுவை. நீளம், குறில்-குறில், நீளம், குறில்-குறில் என்று சுரண்டும். நான்கிலும் அதன் பாதியிலும் இரண்டு குறில், அடுத்த ஒன்றில் ஒரு நீளம். கால் போடும் ‘சா-சா-சா’ துல்லியமாக இந்த மூன்றின் மேல்தான் விழுகிறது. டிம்பாலே கலைஞரின் சிறு மணி நான்கு அடியையும் மாறாமல் தட்டிக்கொண்டிருக்கும். தாளம் தப்பினாலும் மறுபடி ஏறிக்கொள்ள இத்தனை பிடிமானம் வேறு எந்தக் கியூப நடனத்திலும் கிடையாது.

எண்ணிக்கை: இரண்டில் முன்னோ பின்னோ ‘உடைத்து’ வைப்பது (போகும் திசையை மாற்றும் அடி), மூன்றில் திரும்புவது, ‘நான்கு-உம்-ஒன்று’ என்று பக்கவாட்டில் மூன்று சிற்றடி. நிமிடத்துக்கு 120 என்றால் ‘நான்கு’க்கும் ‘உம்’முக்கும் தலா கால் வினாடிதான். முதல் இரண்டு சிற்றடியும் சேர்ந்து தோள் அகலத்தைத் தாண்டினால் ‘ஒன்று’ தாமதமாகும், அடுத்த உடைப்பும் தாமதமாகும், நான்கு சுற்றுக்குள் பாட்டு கைவிட்டுப் போகும். பெரிய அடி வைத்தால் அழகு என்ற எண்ணம் போட்டி மேடைகளைப் பார்த்து வருவது. சில வகுப்புகளில் உடைப்பை ஒன்றில் தொடங்கி, மூன்று சிற்றடியை ‘மூன்று-உம்-நான்கு’ என்று எண்ணச் சொல்லித் தருவார்கள். ஆடலாம், ஆனால் குவிரோ தரும் உதவியில் பாதி வீணாகிவிடும்.

சா-சா-சாவின் உண்மையான குறை வேறு. இன்றைய நடன இரவில் மணிக்கு ஓரிரு பாட்டுதான் போடுவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. ஆட வாய்ப்பு வேண்டும் என்பவருக்கு இதை மட்டும் கற்பது போதாது. சல்சாவுக்கு முன் இரண்டு மாதம் செலவிட மட்டுமே பரிந்துரைக்கிறோம். காரணம் அடுத்து வருகிறது.

சல்சா: ‘ஒன்றை’ ஒளித்து வைக்கும் இசை

கிழக்குக் கியூபாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ட்ரெஸ் கிட்டார், பாங்கோ, மரக்காஸ், கிளாவேக் கட்டைகளோடு வளர்ந்த சோன் ஹவானாவுக்கு வந்தது. 1920களில் அதில் எக்காளம் சேர்ந்தது. 1940களில் பார்வையற்ற ட்ரெஸ் மேதை ஆர்செனியோ ரொட்ரிகெஸ் காங்காவையும் பியானோவையும் கூடுதல் எக்காளங்களையும் சேர்த்துக் கனமாக்கினார். நியூயார்க்கின் பல்லாடியம் அரங்கில் மச்சிட்டோ, டிட்டோ புவென்டே, டிட்டோ ரொட்ரிகெஸ் ஆகிய இசைக்குழுத் தலைவர்கள் மாம்போ என்ற நடன இசையைக் கொதிக்க வைத்தார்கள். 1964இல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா நிறுவனம், புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள் நிறைந்த அந்த நகரத்தின் இசையைச் சல்சா என்ற பெயரில் உலகெங்கும் விற்றது.

இதில் கற்பவர் எதிர்கொள்ளும் சிக்கல் என்ன? பேஸ் பெரும்பாலும் இரண்டின் பாதியிலும் நான்கிலும் ஒலிக்கும். அடுத்த அளவின் சுருதியை நான்கிலேயே முந்திச் சொல்லிவிட்டு, ‘ஒன்றில்’ மௌனம் காக்கும். மற்ற இசைகளில் பேஸைப் பிடித்து ஆடிப் பழகிய காது இங்கே ஒரு அடி முன்னால் குதிக்கும். சமம் தள்ளி எடுப்பு வைத்த கீர்த்தனையில் புதிதாகத் தாளம் போடுகிறவர், பாட்டு தொடங்கும் இடத்தையே சமம் என்று நினைத்துக் கை தட்டுவது போன்ற குழப்பம்தான் இது.

தீர்வு, பேஸைக் கொஞ்ச நாள் கேட்காமல் இருப்பது. காங்காவைக் கேளுங்கள். தும்பாவ் என்ற அதன் அடிப்படை வாசிப்பில் இரண்டாம் அடியில் ‘டக்’ என்று ஓர் அறை, நான்கிலும் அதன் பாதியிலும் ‘தும்-தும்’ என்று திறந்த ஒலி. ‘தும்-தும்’ முடிந்த உடனே வருவது ஒன்று. பாட்டின் பிற்பகுதியில் குழுவினர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் கற்பனையாகப் பதில் சொல்லும் மொன்டூனோ பகுதி வரும். அப்போது பாங்கோக்காரர் பாங்கோவை வைத்துவிட்டுக் கையில் கவ்பெல்லை எடுப்பார். அந்த மணியின் கனத்த ஒலி ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் விழும். தொடக்கக்காரர் பாட்டின் முதல் நிமிடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மணி வந்ததும் எழுந்து ஆடினால் பாதிச் சிரமம் குறையும்.

கிளாவே என்ற அடித்தளத் தாளக்கட்டு பற்றி வகுப்புகளில் நிறையப் பேசுவார்கள். சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு அது கடினமே இல்லை. ஓர் எழுத்துக்கு அரை அடி வீதம் ‘தகிட தகிட தக’ சொல்லி, மூன்று சொல்லின் தலையிலும் தட்டினால் அது மூன்று தட்டுப் பக்கம். அடுத்து ‘தக தக தகதிமி’ சொல்லி, முதல் தகவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் தலையிலும் தட்டினால் இரண்டு தட்டுப் பக்கம். சோன் கிளாவே அவ்வளவுதான். பக்கங்களை மாற்றிப் போட்டால் 2-3 கிளாவே. மூன்றாம் தட்டை அரை அடி தள்ளினால் ரும்பா கிளாவே. ஆனால் பல பதிவுகளில் கிளாவேக் கட்டையை யாரும் வாசிப்பதே இல்லை, மற்றவர்கள் அதை மனத்தில் வைத்து வாசிப்பார்கள். வாசிக்க விரும்புபவருக்கு அது முதல் பாடம். ஆட விரும்புபவர் முதல் ஆண்டில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

காலில் வரும் பிழைகள் இரண்டு. 1-2-3, 5-6-7 என்று வைத்து 4லும் 8லும் நிற்க வேண்டும். பதற்றத்தில் அந்த மௌனத்தை விழுங்கிவிட்டு ஓடுவது ஒன்று. நான்கில் குதிகாலை மெதுவாகத் தரையில் இறக்கி எடையை முழுக்க ஏற்றினால் ஓட்டம் நிற்கும். மற்றது நீண்ட அடி. 180 வேகத்தில் ஒரு பாத நீளத்துக்கு மேல் வைத்தால் உடல் திரும்பி வர நேரமில்லை.

அடுத்து, எந்தச் சல்சா என்ற கேள்வி. லாஸ் ஏஞ்சலஸ் பாணி ஒன்றில் உடைக்கும், ஒரே நேர்கோட்டில் ஆடும், காட்சிச் சுற்றுகள் அதிகம். நியூயார்க் பாணியும் நேர்கோடுதான், உடைப்பு மட்டும் இரண்டில். அங்கே நடன ஆசிரியர் எடி டாரெஸ் வகுத்த எண்ணிக்கை பரவலாகப் பாடமானது. இரண்டில் விழும் காங்காவின் ‘டக்’ அறையோடு உடைப்பு பொருந்துவதால் அதற்கு வழுக்கிச் செல்லும் அழகு வருகிறது. சா-சா-சாவிலும் உடைப்பு இரண்டிலும் ஆறிலும்தான், வேகம் மட்டும் சல்சாவின் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு மாதம் சா-சா-சா ஆடியவருக்கு நியூயார்க் பாணி பாதி வந்ததுபோல்தான்.

கியூபாவின் கசீனோ பாணி வட்டமாகச் சுழலும். 1950களில் ஹவானாவின் கசீனோ டெபோர்ட்டீவோ மன்றத்தில் ஆடிப் பெயர் பெற்றது. பல ஜோடிகள் வளையமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே அசைவைச் செய்து துணை மாறும் ‘ருவேதா’ இதன் சிறப்பு. கூச்சமுள்ளவர்களுக்கு அருமையான வழி. குரல் கொடுப்பவரையே நம்பிப் பழகி, தனியாக ஒரு ஜோடியாக ஆடச் சொன்னால் விழிப்பது இதன் பக்க விளைவு. கொலம்பியாவின் காலி நகரப் பாணி முழுக்கக் கால் வேகம். 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு ஆடிய ஊர் அது. முழங்கால் பலமில்லாதவர்கள் பார்த்து ரசிக்கலாம்.

இவற்றில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவே இல்லை, தேவையும் இல்லை. நீங்கள் ஆடப்போகும் தளத்தில் மற்றவர்கள் எதை ஆடுகிறார்களோ அதுதான் உங்கள் பாணி. ஊர் முழுக்க ஒன்றில் உடைக்கும்போது நீங்கள் மட்டும் இரண்டில் கற்று நின்றால் துணை கிடைக்காது.

யாருக்கு எது

வாரம் ஒரு மாலை மட்டும் கிடைக்கிற, இசைப் பயிற்சி இல்லாத ஒருவர் மூன்று நான்கு வகுப்பு மெரெங்கே, பிறகு மூன்று மாதம் பச்சாட்டா என்று போகலாம். அதற்குள் நடன இரவில் பாதிப் பாட்டுக்கு எழுந்து ஆட முடியும். அங்கேயே நின்றுவிட்டாலும் குறையில்லை. சல்சாதான் இலக்கு என்றால் அதன் பிறகு இரண்டு மாதம் சா-சா-சா, பின்னர் சல்சா. மிருதங்கமோ தவிலோ டிரம்ஸோ வாசிப்பவர்கள் இந்த வரிசையைத் தாண்டி நேராகச் சல்சாவுக்குப் போகலாம். இசை அவர்களைக் குழப்பாது, ஜோடியாக நகர்வதுதான் அவர்களுக்குப் புதிது. திருமண வரவேற்பில் ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும், கையில் மூன்று வாரம்தான் இருக்கிறது என்பவர்கள் பச்சாட்டாவைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

வாசிக்கவும் ஆசை இருந்தால் முதலில் ஒரு ஜோடி கிளாவேக் கட்டையோ சுரைக் குவிரோவோ போதும். பறைதான் வேண்டும் என்றால் 11¾ அங்குலக் காங்கா ஒன்று வாங்கினால் தும்பாவ் முழுவதையும் அதிலேயே வாசிக்கலாம். பாங்கோவின் விலை குறைவுதான், ஆனால் முழங்கால்களுக்கிடையே இடுக்கி விரல் நுனியால் வாசிக்கும் மார்ட்டீயோ நடை தொடக்கத்தில் கையைச் சோர்வடைய வைக்கும்.

செருப்பு விஷயம்: ரப்பர் அடி வைத்த விளையாட்டுக் காலணி தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நிற்க, உடல் சுழல, முழங்கால் முறுகும். மெல்லிய தோல் அடி வைத்த நடனக் காலணி நல்லது. ஈரம் படக்கூடாது, வழுக்கத் தொடங்கினால் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். பளபளப்பான கிரானைட் தரையில் அதுவே அளவுக்கு மீறி வழுக்கும் என்பதால் இடத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணம் கட்டுமுன் பள்ளியில் மூன்று கேள்வி கேளுங்கள். சல்சாவில் ஒன்றில் உடைக்கிறார்களா, இரண்டிலா? வகுப்பில் துணையை மாற்றுவார்களா? ஒரே ஆளோடு ஆடினால் அவர் அடுத்து என்ன செய்வார் என்பது பழகிவிடும், வழிநடத்தல் பழகாது. மூன்றாவது, ஒவ்வொரு வகுப்பிலும் எண்ணாமல் ஒரு முழுப் பாட்டாவது ஆட விடுவார்களா? ஒரு மணி நேரமும் ஆசிரியரின் ‘ஐந்து, ஆறு, ஏழு’ மட்டுமே கேட்கும் வகுப்பில் கற்றவர், நடன இரவில் முதல் பாட்டு தொடங்கியதும் யாராவது எண்ண மாட்டார்களா என்று சுற்றிப் பார்ப்பார்.